இரேனம்மாள் திருநாளில் ஒரு ராஜினாமா

அத்தியாயம் 14

நுன்சியா எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ராஜினாமாக் கடிதம் எதிர்த்தரப்பு வக்கீலின் உறைக்குள்ளிருந்து டோராவின் மேஜைமேல் வந்து விழுந்ததே, அங்கேதான் போன வாரம் நின்றோம். இன்று செவ்வாய்க்கிழமை. நீதிபதி கொடுத்த கெடு மதியம் ஒரு மணி. அதற்குள் டோரா தன் சாட்சிப் பட்டியலை நீதிமன்றப் பதிவலகத்தில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கடிதம் உண்மையாகிவிடும், நுன்சியா பொய்க்காரி ஆகிவிடுவாள்.

கடிதத்தைத் தொட்ட கையை டோரா காலையிலிருந்து மூன்று முறை கழுவியிருந்தாள். அப்படியும் அருவருப்பு போகவில்லை.

வக்கீல் டோரா லகசெல்லாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒதுக்கப்பட்டவர்கள், சீண்டப்பட்டவர்கள், வாய் திறந்ததற்காக வெளியே தள்ளப்பட்டவர்கள், இவர்களுடைய வழக்குகளைத்தான் பதினேழு வருடமாக நடத்துகிறாள். ரொக்கமாரா ஊரில் பாதிப் பேர் அவளைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். மீதிப் பாதி, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அவள் வாசல் மணியை அடிக்கும்.

ஒன்பது மணிக்கு நுன்சியா வந்தாள். இருபத்தேழு வயது. ஆறாம் மாதம். பக்கத்து ஊரான கசல்வெந்தோவிலிருந்து பத்து கிலோமீட்டர் பேருந்தில் நின்றுகொண்டே வந்திருந்தாள். ஜூலை வெயிலில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. டோரா ஒரு நாற்காலியில் அவளை உட்காரவைத்து, இன்னொரு நாற்காலியில் அவள் காலைத் தூக்கிவைத்தாள்.

கடிதத்தைப் பார்த்ததும் நுன்சியா மறுக்கவில்லை.

"கையெழுத்து என்னுதுதான் வக்கீலம்மா. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் பன்னெண்டு பேப்பர் நீட்டினாங்க. இது பதினொண்ணாவது."

"தேதி இல்லாம இருந்ததா?"

"தேதி இல்லாமதானே எல்லாரும் போடுவோம். என் நாத்தனார் போட்டா, அவ மாமியார் போட்டாங்க. கல்யாணம் ஆனாக்கூட ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வயிறு தெரிஞ்சாத்தான் தேதி விழும்."

சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் டோராவுக்குத் தாங்கவில்லை. கால்சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலை, அறுபது பெண்கள், அறுபது பேரும் தங்கள் வேலைக்குத் தாங்களே முன்கூட்டி கருமாதிப் பத்திரிகை எழுதிக் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலாளி லொமூர்னோவை ஊரில் காவலியேரே என்று பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அரசாங்கம் கொடுத்த பட்டம். துணிக் கிடங்கில் அந்தப் பட்டக்காரரின் கை நுன்சியாவின் கழுத்துக்குக் கீழே இறங்கியதும், அவள் கத்தரிக்கோலை எடுத்துக் காட்டியதும் முன்னமே படித்தோம். அதற்குப் பிறகு எண்ணி இரண்டே மாதம். "உங்கள் ராஜினாமாவை வருத்தத்துடன் ஏற்கிறோம்" என்று கடிதம் போனது. கூடவே ஒரு டப்பா. உள்ளே சர்க்கரை பூசிய பாதாம், பிறக்கப்போகும் குழந்தைக்கு வாழ்த்தாம். ஞானஸ்நானத்துக்குக் கொடுக்கிற இனிப்பு அது. அனுப்பியவன் சிரித்துக்கொண்டேதான் அனுப்பியிருப்பான்.

"சத்தமாப் படிங்க வக்கீலம்மா. எனக்குக் கண்ணாடி இல்ல."

டோரா படித்தாள். "சொந்தக் காரணங்களால், என் முழு விருப்பத்துடன் வேலையிலிருந்து விலகுகிறேன். இக்கடிதத்தை இன்று தொழிற்சாலையில் காவலியேரே அவர்களிடம் நேரில் கொடுத்தேன். கசல்வெந்தோ, மே மாதம் ஐந்தாம் தேதி."

"எத்தனாம் தேதி?"

"அஞ்சு."

நுன்சியா காலை நாற்காலியிலிருந்து இறக்கினாள். "மே அஞ்சா? நல்லாப் பாருங்க."

"அஞ்சுதான். ஏன்?"

"அன்னிக்கு எங்க ஊர்ப் பாதுகாவலி இரேனம்மாள் திருநாள் வக்கீலம்மா. எங்க ஊர்ல நாய்கூட வேலைக்குப் போகாது. பேக்கரி கிடையாது, மருந்துக்கடை கிடையாது. தொழிற்சாலை கேட்ல பூட்டு, பூட்டுமேல பூமாலை. நான் நேர்ச்சைக்காக வெறுங்காலோட பவனில நடந்தேன். அவன் எங்க இருந்தான் தெரியுமா? சப்பரத்தோட முன்தண்டு அவன் தோள்ல. வருஷா வருஷம் அவனுக்குத்தான் அந்த இடம்."

கைப்பையைத் துழாவி ஒரு படத்தை எடுத்தாள். பவனி முடிந்து போட்டோக்கடையில் எல்லாரும் வாங்குகிற படம். இரேனம்மாள் சுரூபம், அதன் கீழே வேர்வை வழிய காவலியேரே, நான்கு அடி பின்னால் மெழுகுவர்த்தியுடன் நுன்சியா. கீழே கடைக்காரர் அச்சடித்திருந்த வருடமும் தேதியும்.

டோராவுக்கு வெட்கமாக இருந்தது. நேற்றிலிருந்து அந்தக் கடிதத்தைப் பத்துத் தடவையாவது படித்திருப்பாள். ஒரு தடவைகூட அவளுக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? அவள் ரொக்கமாராக்காரி. இங்கே பாதுகாவலர் புனித திரிபோனார், அவருக்குத் திருநாள் நவம்பரில். மே ஐந்து இந்த ஊருக்கு வெறும் புதன்கிழமை.

"எங்க ஊர்க்காரன் எவனும் இந்தத் தேதியைப் போட்டிருக்க மாட்டான்," என்றாள் நுன்சியா. "காவலியேரே எதையும் படிக்கிற ஆளில்ல, கையெழுத்து இருக்கான்னு மட்டும் பாப்பான். போட்டது வெளியூர் ஆளு."

"இந்தக் கடிதமெல்லாம் எங்க இருக்கும்?"

"தொழிற்சாலையில வெக்க மாட்டாங்க. சோதனை வந்தா மாட்டிக்குவாங்கல்ல. சம்பளச் சீட்டு போட்டுத் தர்றவங்ககிட்டதான் இருக்கும்னு பேச்சு."

"அந்தச் சீட்டு ஒண்ணு இருக்கா?"

நுன்சியா தயங்கினாள். பிறகு நான்காய் மடித்த ஒரு தாளை நீட்டினாள். ஏப்ரல் மாதச் சீட்டு. அடியில் ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். ஓரன்சோ லகசெல்லா, தொழிலாளர் ஆலோசகர், ரொக்கமாரா.

"லகசெல்லான்னு இங்க நெறையப் பேர் இருப்பாங்கன்னு நெனச்சேன்," என்றாள் நுன்சியா மெதுவாக.

"என் தம்பி."

இந்த வழக்கை எடுத்த அன்றே டோரா அவனிடம் நேராகக் கேட்டிருந்தாள். லொமூர்னோவின் வேலையை விட்டு இரண்டு வருடமாயிற்று என்று அம்மாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் வேற வக்கீலைப் பாக்கணுமா?"

வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஏமாந்து ஏமாந்து பழகிய குரல். கோபப்பட்டிருந்தால் டோராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு மணி வரைக்கும் பொறு," என்றாள்.

*

ஓரன்சோவின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. முன்மேஜையில் கடைக்குட்டித் தங்கை மிம்மா. இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம், ஆறு வருடமாக அண்ணனிடம்தான் வேலை. டோராவைக் கண்டதும் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உடம்பு சரியில்லயா?"

"வெயில்தான் அக்கா."

ஓரன்சோ உள்ளே மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, அம்மா இஸ்திரி போட்டது. நாற்பது வயதிலும் அவன் சட்டையை அம்மாதான் இஸ்திரி போடுகிறாள். மற்றவர்கள் கை பட்டால் காலர் கெட்டுவிடுமாம்.

"வா அக்கா. காபி சொல்லவா? மிம்மா, ரெண்டு காபி."

டோரா சம்பளச் சீட்டை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் ராஜினாமாக் கடிதத்தின் நகலை வைத்தாள். உட்காரவில்லை.

அவன் பார்த்தான். மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. தோளைக் குலுக்கினான்.

"சரி, பொய் சொன்னேன். நீ சண்டை போடுவேன்னுதான் சொன்னேன். இப்பவும் போடத்தான வந்திருக்க."

"எத்தனை கடிதம் வச்சிருக்க?"

"அவர் ஒருத்தருதா? எல்லாக் கம்பெனியும் சேர்த்தா அந்தப் பீரோல ஒரு அலமாரி. எல்லாரும் செய்யறதுதான். நான் செய்யலேன்னா தெருக்கோடியில இருக்கான் பாரு, அவன் செய்வான்."

"அந்தப் பொண்ணுங்களுக்கு இது என்னன்னு தெரியும்ல உனக்கு?"

"குடை மாதிரி. மழை வந்தா விரிப்போம், வரலேன்னா மடிச்சு வெச்சிருப்போம். ஒருத்தி அழுதிருப்பாளா கேளு. சிரிச்சிக்கிட்டே போடுவாளுங்க."

லொமூர்னோவைப் பார்த்து அருவருப்பது எளிது. அவன் மூஞ்சியிலேயே அது எழுதியிருக்கிறது. இது கூடப் பிறந்தது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் காலை உதைத்துக்கொண்டு படுத்தது. அந்த வாய்தான் இதைப் பேசுகிறது, அதுவும் பல்லுக்குத் தேய்த்த புதினா வாசனையோடு.

"அவன் அவளைக் கிடங்குல என்ன பண்ணினான்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்? நான் பேப்பர் பாக்கிறவன்."

"தேதி போட்டது யாரு?"

அவன் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. "இந்த ஆபீஸ். அவர் போன் பண்ணுவார், இங்க தேதி போடுவோம். போதுமா? இதைக் கோர்ட்ல சொல்லப் போறியா? என் லைசென்ஸ் போயிடும். அப்புறம் அம்மா இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடப்பாங்களான்னு யோசிச்சுக்க."

மிம்மா காபியுடன் வந்து நின்றாள். தட்டு லேசாக ஆடியது.

"பாரு, இவளே ஆடிப்போயிட்டா," என்றான் ஓரன்சோ, குரலை மாற்றிக்கொண்டு. "நல்லவேளை, இவளும் கொஞ்ச நாள்ல வீட்டோட ஓய்வெடுக்கப் போறா. புதுப் பொண்ணு ஒருத்தியைப் பாத்து வெச்சிருக்கேன். சுறுசுறுப்பான பொண்ணு."

மிம்மா அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு ஓய்வெடுக்கப் போறா?"

"காபியை வெச்சிட்டுப் போம்மா."

காபியை யாரும் குடிக்கவில்லை.

*

டோரா நீதிமன்றத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். ஓரன்சோ அதற்குள் சொல்லியிருந்தான். அதில் ஆச்சரியம் என்ன, அவனுக்கு முள் குத்தினால் அம்மாவின் வீட்டு மணிதான் முதலில் அடிக்கும்.

"என்னடி, தம்பியைப் பேப்பர்ல போடப் போறியாமே?"

"பேப்பர்ல இல்லம்மா. சாட்சிப் பட்டியல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்தப் பொண்ணுக்கு என்ன போச்சு? வேற தொழிற்சாலை கிடைக்கும். உனக்கு வேற தம்பி கிடைப்பானா?"

"உனக்குத் தெரியுமாம்மா? அவன் உன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினானே, அப்பவே தெரியுமா?"

மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவரை மசியலும் கசப்புக் கீரையும் பண்ணியிருக்கேன்," என்றாள் அம்மா. "ஒன்றரைக்கு வந்துடு. சூடு ஆறினா நல்லா இருக்காது."

அம்மாவின் பேச்சு எப்போதும் இப்படித்தான் முடியும். நாற்பத்து மூன்று வருடமாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு தட்டு வந்து நின்றிருக்கிறது.

பதிவலகத்துக்கு வெளியே நீண்ட தாழ்வாரம், ஒரே ஒரு பெஞ்சு. மணி பன்னிரண்டு நாற்பது. டோரா மடியில் வழக்குக் கட்டை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். முதல் பெயர் சுலபம், போட்டோக் கடைக்காரர். இரண்டாவது பங்குச் சாமியார். திருநாளில் ஊரே அடைத்திருந்தது என்று இருவரும் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "தேதி தவறிவிட்டது, அந்தப் பெண்ணே தவறாக எழுதியிருப்பாள்" என்பான், முடிந்தது. தேதியைப் போட்ட கை வேண்டும்.

மூன்றாவது பெயரை எழுதினால் அவள் தன் தம்பியைத் தானே விசாரிக்க முடியாது. அந்த ஒரு நாளுக்கு வேறு வக்கீலை நிறுத்த வேண்டியிருக்கும். அது சமாளிக்கிற விஷயம். சமாளிக்க முடியாதது பேனாவின் நுனியில் இருந்தது. மூன்றாம் எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார்த்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. நுன்சியாவுக்குக் காரணம் எதுவும் சொல்லிவிடலாம். சட்டத்தில் காரணத்துக்கா பஞ்சம்? அப்படி நினைத்த மாத்திரத்தில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஓரன்சோவின் குடை தன் கையிலும் ஒன்று இருக்கிறது போலும்.

மாடிப்படியில் யாரோ மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மிம்மா. கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எழுதிட்டியா அக்கா?"

"இன்னும் இல்ல."

"அண்ணன் பேரு மட்டும் போடாதே."

டோராவுக்குச் சலித்துப்போனது. "உன்னையும் அனுப்பிட்டானா?"

"முழுசாக் கேளு. அவன் பேரு மட்டும் போடாதேன்னேன். என் பேரையும் போடு. தேதி போட்டது நான்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் பையை விடவில்லை.

"காவலியேரே போன் பண்ணுவாரு. அண்ணன் உள்ளேருந்து பேரைச் சொல்லுவான், நான் கடிதத்தை எடுத்துத் தேதி எழுதுவேன். மே முதல் வாரத்துல ஏதாவது ஒரு நாள் போடுன்னான். அஞ்சுன்னு போட்டேன். அவங்க ஊர்த் திருநாள்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த ஊர்க்காரிதானே."

டோரா கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் வருடாவருடம் பார்த்த எழுத்து. நேற்றெல்லாம் பார்த்தும் தெரியவில்லை, தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறாள்.

"இது மாதிரி எத்தனை?"

"ஆறு வருஷத்துல பதினாலு. ஒவ்வொரு பேரும் ஞாபகம் இருக்கு. பேப்பர்தானேன்னு நெனச்சுக்குவேன். அப்புறம் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவுவேன்."

டோரா தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஏன் வந்த?"

மிம்மா பையைத் திறந்தாள். ஒரே ஒரு தாள். அதே வாசகம், அதே தட்டச்சு. சொந்தக் காரணங்களால், என் முழு விருப்பத்துடன். அடியில் கையெழுத்து, தொமெனிக்கா லகசெல்லா. மிம்மாவின் முழுப்பெயர்.

"சேர்ந்த அன்னிக்கு என்கிட்டயும் வாங்கினான். சும்மா ஒரு இதுக்குத்தான், தங்கச்சி போட்டான்னா மத்த பொண்ணுங்க கேள்வி கேக்க மாட்டாங்கன்னான். நானும் சிரிச்சுக்கிட்டே போட்டேன். ஓய்வெடுக்கப் போறான்னு சொன்னான்ல, நீ போனதும் அவன் உன் பின்னாலயே வாசலுக்கு வந்து அம்மாக்கு போன் பண்ணிட்டிருந்தான். அப்பப் போய்ப் பீரோவைத் தொறந்தேன்."

"உன் கடிதத்தை எடுத்துட்டு வந்துட்டே. நல்லது."

"தேதியைப் பாரு அக்கா."

டோரா பார்த்தாள். தேதி இருந்தது. உருண்டை எழுத்து இல்லை. நீட்டி நீட்டி எழுதும் ஓரன்சோவின் கை. வருகிற வெள்ளிக்கிழமை.

தாழ்வாரத்தில் காற்றே இல்லை. மிம்மா தன் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் டோராவுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தனை வாரம்?"

"ஒன்பது. புருஷனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதுன்னுதான் இருந்தேன்." மிம்மாவின் உதடு கோணியது. "வேற யார்கிட்டயும் சொல்லல அக்கா. அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை."

உள்ளே எழுத்தர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தக் கிளம்பிவிட்டார். டோரா எழுதினாள். மூன்று, ஓரன்சோ லகசெல்லா. நான்கு, தொமெனிக்கா லகசெல்லா. மிம்மாவின் கடிதத்தை ஆவணமாக இணைக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். மிம்மா தலையை ஆட்டினாள். கைநிறைய வைத்திருந்த ஒரு கெட்டதை ஒருவழியாகக் கீழே போடுகிறவளைப் போல, தாளை அக்காவின் மடியில் வைத்தாள்.

பட்டியலில் முத்திரை விழுந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

டோரா முதலில் நுன்சியாவைக் கூப்பிட்டாள். "வேற வக்கீல் தேவையில்லம்மா. போய்ச் சாப்பிடு," என்று மட்டும் சொன்னாள். அழைப்பை வைத்த மறுநொடி போன் மறுபடி அடித்தது. திரையில் அம்மா.

மிம்மா கையை நீட்டினாள். டோரா கொடுத்தாள்.

"கிளம்பிட்டியாடி? சாப்பாடு ஆறுது," என்று கேட்டது அம்மாவின் குரல்.

"நான் மிம்மா பேசறேன்ம்மா. அக்காவும் என்கூடத்தான் இருக்கா. ரெண்டு பேரும் வர்றோம்."

"நீயா? நீ எதுக்கு அங்க போனே?"

"நாலு தட்டு வை. அண்ணனையும் கூப்பிடு. எல்லாரும் உக்காந்தப்புறம் ஒரு கடிதத்தைச் சத்தமாப் படிக்கணும்." மிம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குரல் மட்டும் மாறவில்லை. "தேதியை நீயே படிம்மா. உனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."